முவெட் தேர்வு: வாய் திறந்தால் வழி பிறக்கும்

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பயில விரும்பும் மாணவர்கள் கடக்க வேண்டிய வாசல்களில் ஒன்று முவெட் எனும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு. எஸ்டிபிஎம் தேர்ச்சி சிறப்பாக இருந்தும், துறை கேட்கும் பேண்ட் கிடைக்காமல் விரும்பிய படிப்பைக் கைநழுவ விடுவோர் உண்டு. சட்டம், மருத்துவம் போன்ற துறைகள் உயர்ந்த பேண்டையே எதிர்பார்க்கின்றன.

பல வீடுகளில் அண்ணனோ அக்காளோ படித்த பழைய பயிற்சி நூல்களே தம்பி தங்கைகளின் கைக்கு வருகின்றன. இங்கேதான் கவனம் தேவை. முன்பு மொத்தம் 300 புள்ளிகளில் வாசிப்புக்கு 120, எழுத்துக்கு 90, கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 45 என்றிருந்தது. 2021 முதல் நான்கு தாள்களுக்கும் தலா 90 புள்ளிகள்; மொத்தம் 360. அதாவது, முன்பு 100க்கு 30 பங்காக இருந்த கேட்டலும் பேச்சும் இன்று சரிபாதி. கட்டுரையை மனனம் செய்து கரையேறிய காலம் மலையேறிவிட்டது.

பேச்சுத் தேர்வில் முதலில் ஒவ்வொருவரும் தனித்துப் பேச வேண்டும். பிறகு குழுவாகக் கலந்துரையாட வேண்டும். அங்கே மற்றவர் சொல்வதைக் கேட்டு, ஏற்றோ மறுத்தோ பதில் கூற வேண்டும். மனனம் செய்த வரிகள் அதற்கு உதவா.

பயிற்சிக்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. நான்கு நண்பர்கள் வாரம் இருமுறை கூடி, நாளிதழ்ச் செய்தி ஒன்றை எடுத்து ஆங்கிலத்தில் விவாதிக்கலாம். இரண்டு நிமிடம் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால், தடுமாறும் இடம் தெரியும். வானொலியில் ஆங்கிலச் செய்தியைக் கேட்டு முக்கியக் குறிப்புகளை எழுதிப் பார்க்கலாம். வாசிப்புத் தாளில் 75 நிமிடத்தில் 40 கேள்விகள்; ஆகவே கடிகாரத்தை வைத்துப் படிப்பது நல்லது. எழுத்துத் தாளுக்கும் அதே 75 நிமிடம்தான். அதற்குள் 100 சொற்களுக்குக் குறையாமல் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ, 250 சொற்களுக்குக் குறையாமல் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பிள்ளை தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசும்போது சிரித்துவிட்டால், அந்த வாய் மறுபடி திறக்காது. வீட்டில் தவறிப் பேசினால் திருத்திக்கொள்ளலாம். தேர்வறையில் மௌனமாக இருந்தால் புள்ளிகள்தான் போகும்.