உங்களுக்குத் தெரியுமா? – ரயிலில் ஏறியவர்களும் ஏற்றியவையும்

● 2020–21ஆம் நிதியாண்டில் இந்திய ரயில்களில் பயணித்தவர்கள் 125 கோடிப் பேர். 1950–51இல் பயணித்தவர்களோ 128 கோடிப் பேர்! நாட்டின் மக்கள்தொகை 36 கோடியாக இருந்த காலத்தில் ஏறிய கூட்டம்கூட, கொரோனா ஆண்டில் ரயில் ஏறவில்லை. (இந்தக் கணக்கில் ‘பேர்’ என்பது பயணங்களின் எண்ணிக்கை. ஒரே ஆள் நூறு முறை ஏறினால் நூறு பேர்.)

● பயணிகள் ரயில்கள் முடங்கிய அதே ஆண்டில் கூட்ஸ் வண்டிகள் நிற்கவில்லை. முந்தைய ஆண்டு 121 கோடி டன்னாக இருந்த சரக்கு, 123 கோடி டன்னாகக் கூடியது. சரக்கு வருமானம் 1,13,488 கோடி ரூபாயிலிருந்து 1,17,232 கோடியாக உயர்ந்தது. பயணிகள் வருமானமோ 50,669 கோடியிலிருந்து 15,248 கோடிக்குச் சரிந்தது. ஊரே அடங்கிக் கிடந்தபோது நம் வீட்டில் விளக்கு எரிந்ததும், ரேஷன் கடைக்கு அரிசி வந்து சேர்ந்ததும் இந்த வண்டிகளால்தான். அவற்றை ஓட்டிய லோகோ பைலட்டுகளுக்கும், தண்டவாளத்தைக் காத்த கேங்மேன்களுக்கும் நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

● 2021–22இல் பயணிகள் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 181 சதவீதம் வளர்ந்தது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 125 கோடி 352 கோடியானதைத்தான் அந்தச் சதவீதம் சொல்கிறது. 2018–19இல் பயணித்தவர்கள் 844 கோடி. அதில் பாதியைக்கூட இந்த ‘வளர்ச்சி’ எட்டவில்லை. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல் சதவீதத்தை நம்பவே கூடாது.

● கூட்டம் குறைந்தும் பணம் கூடியது தெரியுமா? 2019–20இல் 809 கோடிப் பேர் பயணித்து 50,669 கோடி ரூபாய் தந்தார்கள். தலைக்குச் சுமார் 63 ரூபாய். 2023–24இல் சுமார் 690 கோடிப் பேர் தந்தது ஏறக்குறைய 70,700 கோடி. தலைக்கு 102 ரூபாய். இத்தனைக்கும் 2020 ஜனவரிக்குப் பிறகு 2025 ஜூலை வரை அடிப்படைக் கட்டணம் உயர்த்தப்படவில்லை.

பிறகு எப்படி? மலிவான குறுந்தூரப் பயணம் குறைந்தது, ஏ.சி. பெட்டிகளில் கூட்டம் கூடியது. மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கிடைத்துவந்த சலுகை அது. போதாததற்கு, நின்று நின்று போகும் பாசஞ்சர் வண்டிகளிலும் எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். 10 ரூபாய் டிக்கெட் 30 ரூபாயானது. 2024 பிப்ரவரியில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. பக்கத்து ஊருக்குக் கீரையும் பூவும் கொண்டுபோய் விற்கும் பெண்ணுக்கு அந்த 20 ரூபாய் பெரிய தொகை.

● ரயில் சுமக்கும் சரக்கில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. 58 வேகன்கள் கொண்ட ஒரு ரேக், சுமார் 4,000 டன் கரியை இழுத்துப் போகும். லாரிக்கு 25 டன் என்று வைத்தால் 160 லாரிகள்!

● உங்கள் ரயில் டிக்கெட்டில், பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தையே ரயில்வே திரும்பப் பெறுகிறது என்ற வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். மீதிக்குக் கை கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கரி வண்டிதான்.

● தெற்கு ரயில்வேயின் கதை நேர்மாறு. இங்கே பயணிகள்தான் படியளக்கிறார்கள். 2023–24இல் பயணிகள் வருமானம் 7,000 கோடி ரூபாயைத் தாண்டியது. சரக்கு வருமானம் அதில் ஏறக்குறைய பாதிதான். ஒடிசா, சத்தீஸ்கர் போல ரேக் ரேக்காக ஏற்றி அனுப்பக் கரியோ இரும்புத் தாதோ இங்கே இல்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் பெரும்பகுதி, சுரங்கத்தை ஒட்டிய அனல் மின் நிலையங்களிலேயே எரிந்துவிடுகிறது. ஆனால் நாட்டின் முதல் ரயில் பாதை சரக்குக்காகப் போடப்பட்டது நம் செங்குன்றத்தில்தான். சாலை போடக் கல் ஏற்றிய அந்தப் பாதை 1837இலேயே ஓடியது. பயணிகள் ரயில் வர 1853 ஆயிற்று.

● 2021–22இல் 100 ரூபாய் சம்பாதிக்க ரயில்வே 107 ரூபாய் செலவழித்தது. 2023–24இல் அது 98 ரூபாயாக இறங்கியது. மிச்சம் வெறும் 2 ரூபாய்.

● சரக்கின் ஆண்டு வளர்ச்சி 2021–22இல் சுமார் 15 சதவீதம், அடுத்த ஆண்டு 7, பிறகு 5, 2024–25இல் 2 சதவீதத்துக்கும் கீழ். மொத்தச் சரக்கு 161 கோடி டன்னைத் தாண்டிச் சாதனை படைத்த ஆண்டும் இதே 2024–25தான்! அந்த ஆண்டு பயணித்தவர்கள் சுமார் 715 கோடி. 2018–19இன் 844 கோடிக்கு இன்னும் நூறு கோடிக்கு மேல் பாக்கி. முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்டுங்கள், முதியோர் சலுகையைத் திருப்பித் தாருங்கள். விடுபட்ட பயணிகளும் வண்டி ஏறட்டும்.