எக்ஸ்-ரே இங்கே, டாக்டர் எங்கேயோ: உங்க ஸ்கேன் படம் எப்படிப் பயணிக்குது?

பெருமாநல்லூர் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைப் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது அபூர்வம். நிட்டிங் ஓரிடம், சாயம் ஏற்றுவது இன்னோரிடம், காம்பாக்டிங் வேறோரிடம், அப்புறம் கட்டிங், தையல், செக்கிங். துணி ரோல் டெம்போவில் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எக்ஸ்-ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம்கூட இப்போ ஏறக்குறைய இந்த 'ஜாப் ஒர்க்' மாதிரிதான். படம் எடுக்கும் டெக்னீஷியன் ஓர் ஊரில் இருப்பார். அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் வேறு ஊரில். அவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்கும் சீனியர் மூன்றாவது ஊரில். ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போட்ட டாக்டரை ஸ்கேன் சென்டரில் பார்த்ததே இல்லையே என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இந்தியாவில் லட்சம் பேருக்கு சுமார் ஒரு ரேடியாலஜிஸ்ட் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களிலும் பெரும்பாலானவர்கள் பெருநகரங்களில். மெஷின் வாங்கி வைப்பது சுலபம், ராத்திரி 11 மணிக்கு அந்தப் படத்தைப் படிக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் ஆளுக்குப் பதில் படம் பயணிக்கிறது. இதற்குப் பெயர் டெலிரேடியாலஜி.

பெங்களூருவில் டாக்டர்கள் அர்ஜுன் கல்யாண்பூரும் சுனிதா மகேஸ்வரியும் 2002-ல் தொடங்கிய டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ், அமெரிக்க மருத்துவமனைகளின் நள்ளிரவு ஸ்கேன்களை இங்கே பகலில் படித்து ரிப்போர்ட் அனுப்பியது. அங்கே ராத்திரி என்றால் இங்கே பகல், அவ்வளவுதான் சூத்திரம். பிறகு அரசும் இதே வழிக்கு வந்தது. தேசிய சுகாதார இயக்கத்தின் இலவசப் பரிசோதனைத் திட்டத்துக்கான 2015 வழிகாட்டுதல்களில் டெலிரேடியாலஜியும் ஒரு பகுதி.

டிசி இல்லாத ரோல்

சரி, படம் எப்படிப் போகிறது? இங்கேதான் விஷயமே இருக்கு.

துணி ரோல் ஒரு யூனிட்டிலிருந்து கிளம்பும்போது கூடவே டிசி போகும். லாட் நம்பர், டயா, ஜிஎஸ்எம், எத்தனை கிலோ எல்லாம் அதில் இருக்கும். டிசி இல்லாமல் வந்த ரோலை எந்த டையிங்காரரும் இறக்க மாட்டார். ஸ்கேன் உலகத்தில் அந்த வேலையைச் செய்வது 'டைகாம்' என்ற பொது வடிவம். ஒரு காலத்தில் ஒவ்வொரு மெஷின் கம்பெனியும் தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருந்தது. ஒரு கம்பெனி மெஷினில் எடுத்த படம் இன்னொரு கம்பெனி கம்ப்யூட்டரில் திறக்காது. அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்கள் அமைப்பும் உற்பத்தியாளர்கள் அமைப்பும் சேர்ந்து 1985-ல் முதல் பொது விதியை வெளியிட்டன. அது வளர்ந்து 1993-ல் டைகாம் ஆனது. நோயாளி பெயர், வயது, எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி எல்லாம் படத்தோடு ஒட்டியே போகும்.

இப்போ நடைமுறைக்கு வருவோம். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, போனில் போட்டோ எடுத்து, 'சார் கொஞ்சம் பாருங்க' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது ரொம்ப சகஜம். அனுப்புகிறவர் சில நேரம் நோயாளியின் மச்சான், சில நேரம் டாக்டரே.

இதில் என்ன போகிறது, என்ன போகவில்லை? ஒரு சி.டி. படத்தில் பொதுவாக 4,096 சாம்பல் நிலைகள் பதிவாகின்றன. போன் போட்டோவில் அது 256-ஆகச் சுருங்கிவிடும். ரேடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் ஒரே படத்தை நுரையீரலுக்கு ஒரு மாதிரி, எலும்புக்கு ஒரு மாதிரி, ரத்தக்கசிவு தேடும்போது வேறு மாதிரி என வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார். போட்டோவில் அது நடக்காது. யாரோ பிரின்ட் போட்ட ஒரே நிலைதான். நூற்றுக்கணக்கான அடுக்குகள் கொண்ட ஸ்கேனில் நாலு அடுக்கு மட்டும் போனால், அந்த நாலில் இல்லாதது டாக்டருக்குத் தெரியவே தெரியாது.

கை எலும்பு நன்றாக முறிந்திருந்தால் போட்டோவிலும் தெரியும், மறுக்கவில்லை. அவசரத்தில் ஒரு போட்டோ உயிரைக் காப்பாற்றவும் செய்யும். ஆனால், மெல்லிய விரிசல், நுரையீரல் ஓரத்தில் கொஞ்சமாகக் காற்று கசிந்திருப்பது போன்றவை அதில் தொலைந்துபோகலாம். 'போட்டோல ஒண்ணும் தெரியலயே' என்பதை 'ஒண்ணும் இல்ல' என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

படத்தோடு அனுபவமும்

எக்ஸ்-ரேயின் பிறப்பே பகிர்தலில்தான். ஜெர்மனியில் 1895 நவம்பர் 8 அன்று ராண்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டார். 1896 புத்தாண்டு நாளில் கட்டுரைப் பிரதிகளையும் படங்களையும் சக விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். காப்புரிமையும் வாங்கவில்லை. சில வாரங்களிலேயே உலகின் பல ஊர்களில் டாக்டர்கள் எலும்பைப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் பர்னார்ட் கதிரியக்க நிறுவனம் 1934-ல் தொடங்கிய காலத்தில், கற்றுக்கொள்வதென்றால் சீனியர் பக்கத்தில் நின்று, வெளிச்சப் பெட்டியில் மாட்டிய ஃபிலிமைப் பார்ப்பதுதான். இன்று ஆஸ்திரேலிய ரேடியாலஜிஸ்ட் ஃப்ராங்க் கெய்லார்ட் 2005-ல் தொடங்கிய 'ரேடியோபீடியா'வை சின்ன ஊர் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டரும் இலவசமாகத் திறக்கலாம். பல நாட்டு டாக்டர்கள் தங்களுக்கு வந்த அரிய நோயாளிகளின் படங்களைப் பெயர் நீக்கி அங்கே ஏற்றுகிறார்கள். வாழ்க்கையில் ஒருமுறைதான் பார்க்கப்போகும் நோயை, அது வருவதற்கு முன்பே பார்த்துவைக்க முடிகிறது.

ஏஐ-யும் இதில் வளர்ந்ததுதான். 2017-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1,12,120 நெஞ்சு எக்ஸ்-ரேக்களைப் பொதுவில் வைத்தது. 'இதில் நிமோனியா, இதில் நீர் கோத்திருக்கு' என்ற குறிப்புகளைப் பழைய ரிப்போர்ட்டுகளிலிருந்து கம்ப்யூட்டரே எடுத்து ஒட்டியிருந்தது. சீக்கிரமே ரேடியாலஜிஸ்ட்டுகள் படங்களைத் திறந்து பார்த்து, பல குறிப்புகள் தப்பு என்று காட்டினார்கள். பூட்டி வைத்திருந்தால் அந்தத் தப்பும் உள்ளேயே இருந்திருக்கும். மும்பையைச் சேர்ந்த க்யூர்.ஏஐ நிறுவனமும் 2018-ல் 491 தலை சி.டி. ஸ்கேன்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. ஒவ்வொன்றையும் மூன்று ரேடியாலஜிஸ்ட்டுகள் தனித்தனியாகப் படித்திருந்தார்கள்.

15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் எக்ஸ்-ரே மூலம் காசநோய் சந்தேகத்தை வடிகட்ட இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. கையில் தூக்கிப் போகும் எக்ஸ்-ரே மெஷினோடு முகாம் நடப்பது இதனால்தான் சாத்தியம். ஆனால், ஏஐ காட்டுவது சந்தேகத்தை மட்டுமே. காசநோயா இல்லையா என்பதைச் சளிப் பரிசோதனைதான் முடிவு செய்யும்.

இதெல்லாம் பகிரக் கூடாது

அல்ட்ராசவுண்ட் மட்டும் தனி ரகம். எக்ஸ்-ரே மாதிரி எடுத்து அனுப்பினால் போதாது. கையில் புரோப் பிடித்திருப்பவர் எங்கே திருப்பினார் என்பதே பாதி ரிப்போர்ட். சட்டமும் குறுக்கே நிற்கிறது. பெண் சிசுவைக் கண்டறிந்து கலைப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி, பதிவு செய்த இடத்தில்தான் மெஷினை வைத்து ஸ்கேன் செய்யலாம். 'நம்ம மெஷின் ரிப்பேர், ஒரு வாரம் உங்க மெஷினைக் கொடுங்க' என்பது இங்கே நடக்காது. 2012-ல் திருத்திய விதிகளின்படி, ஒரு டாக்டர் ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு சென்டர்களில் மட்டுமே பதிந்துகொள்ள முடியும். கிராமப்புறத்தில் டாக்டர் தட்டுப்பாட்டை இது அதிகமாக்குகிறது என்ற வருத்தம் ரேடியாலஜிஸ்ட்டுகளிடம் உண்டு. நியாயமான வருத்தம்தான். விதி வந்த காரணமும் நியாயமானதே.

இன்னொன்று உங்க பெயர். டாக்டர்கள் குரூப்பில் ஒரு ஸ்கேனைப் பாடமாகப் போடும்போது, படத்தின் மூலையில் பெயரும் வயதும் அப்படியே இருந்தால் அது பாடம் இல்லை, அத்துமீறல்.

பழைய படம் எங்கே?

ரேடியாலஜிஸ்ட்டுக்கு உங்களால் பகிர முடிந்த மிகப் பெரிய வளம் ஒன்று உண்டு. அது உங்க பழைய படம்.

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து இங்கே தைக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இருமலுக்கு எடுத்த எக்ஸ்-ரேயில் மேல்பக்கம் ஒரு நிழல். முன்பு வந்து குணமான காசநோயின் தழும்பா, புதிதாக வந்ததா? ஒற்றைப் படத்தில் பிரிப்பது கஷ்டம். மூன்று வருஷம் முன்பு ஊரில் எடுத்த ஃபிலிம் கையில் இருந்தால், அப்போதும் அதே இடத்தில் அதே அளவில் நிழல் இருந்ததா என்று பார்த்துவிடலாம். சளிப் பரிசோதனை எப்படியும் வேண்டும். ஆனால், அடுத்து சி.டி. எடுக்க வேண்டுமா, வேலைக்கு எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஃபிலிமைப் பொறுத்து மாறலாம். நுரையீரலில் ஒரு சின்ன முடிச்சு இரண்டு வருஷமாக வளராமல் இருந்தால் அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது என்று கணிப்பதும் பழைய படத்தை வைத்துத்தான். நடப்பது என்னவென்றால், அந்த ஃபிலிம் ஊரில் பரண் மேலோ, காலி செய்த ரூமின் கட்டிலுக்கு அடியிலோ கிடக்கும்.

அதனால் ஸ்கேன் எடுத்ததும் ரிப்போர்ட்டோடு கிளம்பிவிடாதீங்க. 'டைகாம் படம் சி.டி.யிலோ லிங்க்கிலோ கிடைக்குமா?' என்று கேளுங்க. லிங்க் கொடுத்தால் அன்றைக்கே டவுன்லோட் செய்து உங்க மெயிலில் போட்டு வையுங்க. பல சென்டர்களின் லிங்க் கொஞ்ச நாளில் திறக்காது.