நிறைந்த அலுமாரியும் உடுக்க உடுப்பில்லாத நாமும்

எம்மவர் இல்லங்களில் சனிக்கிழமை மாலைகளில் தவறாது நிகழும் காட்சியொன்று உண்டு. ஆறு மணிக்கு மண்டபத்தில் நிற்க வேண்டும். அலுமாரிக் கதவு திறந்து கிடக்கிறது. கட்டிலின் மேல் சேலைகள் குவிந்துள்ளன. கட்டிலின் கீழே சூட்கேசுக்குள் இன்னும் சில. இவ்வளவற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டு இல்லத்தரசி சொல்கிறார்: "உடுத்துக்கொண்டு போக ஒண்டுமில்லை." இதைக் கேட்டு நகைக்கும் கணவரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அங்குள்ள இருபது சேட்டுகளில் கழுத்துப் பொத்தானைப் பூட்டக்கூடியவை மூன்றுதான்.

இத்தனைக்கும் நாம் இந்நாட்டுக்கு வந்தபோது எம்மிடம் இருந்தது ஒரு கைப்பை. 1980களில் பாரிஸ் வந்திறங்கிய எம்மவரிற் பலர் தமது முதலாவது குளிரங்கியைத் தொண்டு நிறுவனங்களின் உடுப்புக் குவியலிலிருந்தே எடுத்தனர். யாரோ ஒருவரின் உடலுக்கு அளவெடுத்த அங்கிக்குள், கைகள் விரல்நுனிவரை மறைய, விசா வரிசையில் நின்றோம். முதற் சம்பளம் கிடைத்ததும் கால்கள் சென்ற இடம் பார்பெஸ். அங்கே 1948இல் தொடங்கப்பட்ட 'தாத்தி' கடையின் பெட்டிகளுக்குள் கைவிட்டுத் துழாவி, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பையுடன் அறைக்குத் திரும்பினோம். (பார்பெசிலிருந்த அந்தக் கடை 2021இல் மூடப்பட்டது.) எது மலிவு, எது குளிர் தாங்கும் என்ற இரண்டு கேள்விகளே அன்று எம்மிடம் இருந்தன. எது எனக்குப் பொருந்தும் என்ற மூன்றாவது கேள்விக்கு அன்று இடமிருக்கவில்லை. இன்று இடமுண்டு. ஆயினும் நாம் அதனைக் கேட்கப் பழகவில்லை.

அந்த மூன்றாவது கேள்வியை ஐரோப்பியரும் அமெரிக்கரும் எப்போதோ கேட்டுவிட்டனர். 1970களில் இலண்டனில் உடுப்புக்கடை நடத்திய சூசி ஃபோ என்னும் பெண்மணி, ஒன்றோடொன்று சேர்த்து உடுக்கக்கூடிய சில நல்ல உடுப்புகள் மாத்திரம் கொண்ட அலுமாரியே ஒரு பெண்ணுக்குப் போதுமானது என்று தம் வாடிக்கையாளருக்குக் கூறிவந்தார். 1985இல் நியூயோர்க்கைச் சேர்ந்த டொனா கரன் ஏழே ஏழு உருப்படிகளைக் கொண்டு, வேலைக்குப் போகும் பெண்ணின் ஒரு வாரத்தையே நிரப்பிக் காட்டினார். அதற்கும் முன்னர், 1926இல், கொக்கோ ஷனெல் வரைந்த எளிய கறுப்புச் சட்டையை அமெரிக்க 'வோக்' சஞ்சிகை ஃபோர்ட் மோட்டார் வண்டிக்கு ஒப்பிட்டது. எல்லோரும் வாங்கக்கூடியது, எல்லோருக்கும் பொருந்தக்கூடியது என்பது அதன் கருத்து.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் நாகரிகம், எமக்கேன் என்று கேட்போருக்கு ஒன்றை நினைவூட்டலாம். ஊரில் எமக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர்கள் பலரிடம் நான்கு வேட்டியும் நான்கு நஷனலும் ஒரு சால்வையும் இருந்தன, அவ்வளவுதான். ஒழுங்கை முடக்கில் அந்த வெள்ளை தென்பட்டதுமே வருபவர் யாரென்று அறிந்து மிதிவண்டியிலிருந்து குதித்தோம். ஆசிரியைகளிடம் கஞ்சி போட்ட வாயில் சேலைகள் ஐந்து; திங்களுக்கு நீலம் என்றால் ஆண்டு முழுவதும் திங்களுக்கு நீலம். அதை எவரும் வறுமை என்று எண்ணியதில்லை. ரீச்சர் என்றால் அப்படித்தான் என்று எண்ணினோம். தனக்கென ஒரு தோற்றம் என்று இன்று பெரும் பணம் பெற்றுக்கொண்டு கற்பிக்கிறார்களே, அது வேறொன்றுமில்லை.

ஆனால் இந்த நூல்கள் சொல்லும் ஒரு விடயத்தில் நாம் முழுமையாக உடன்படவில்லை. 'ஓராண்டாக உடுக்காததை வீசிவிடு' என்கிறார்கள். பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து, வேண்டியபோது கடைக்குப் போகக்கூடிய மனிதருக்கு அது எளிது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களுக்கு அது எளிதன்று. மிதிவண்டியின் பின்னால் எது கட்டுப்படுமோ அதுவே மிஞ்சியது. ஏனையவை அலுமாரியோடு போயின. 2009இல் வன்னியில் அந்தப் பையும் மிஞ்சவில்லை. அவ்வாறு இழந்த ஒருவர் கிழிந்த துவாயையும் மடித்து வைப்பாராயின், அதனைப் பேராசை என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அது அச்சம். 'நாளைக்குத் தேவைப்பட்டால்?' என்று அலுமாரிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

எனவே வீசுவதிலிருந்து தொடங்க வேண்டாம் என்போம். எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்துப் போட்டு, கடந்த குளிர்காலத்தில் உண்மையாகவே உடுத்தவற்றை மாத்திரம் மீண்டும் தொங்கவிடுங்கள். ஏனையவற்றை ஒரு பெட்டியில் இட்டுத் திகதி எழுதி மேலே வையுங்கள். தேவைப்பட்டால் எடுக்கலாம், ஒன்றும் போய்விடவில்லை. எமக்குத் தெரிந்த தாயார் ஒருவர் அவ்வாறு கட்டிய மூன்று பெட்டிகளில் ஓராண்டுக்குள் திறந்தது ஒன்றை மட்டும். அதுவும் ஒரு கம்பளிச் சால்வைக்காக.

தொங்குவதைப் பார்த்தால் உங்கள் நிறங்கள் தாமாகவே தெரியும். கடும் நீலம், சாம்பல், கறுப்பு ஆகியவற்றுள் ஒன்றை அடிநிறமாக வைத்துக் காற்சட்டையையும் குளிரங்கியையும் சப்பாத்தையும் அதற்கமைய வாங்கினால், எந்தச் சேட்டும் எதனோடும் சேரும். மேலே உடுப்பவற்றில் எமது தோலுக்கு அழகு தரும் அரக்கு, கடுகு மஞ்சள், மயிற்பச்சை ஆகியவற்றைச் சேர்க்கலாம். மெத்ரோவில் எல்லோரும் கறுப்பு உடுக்கிறார்கள் என்பதற்காக நாமும் கறுப்புக்குள் ஒளிய வேண்டியதில்லை.

வாங்கும்போது தோளைப் பாருங்கள். இடுப்பு அகலமென்றால் தையற்காரர் ஒடுக்குவார், நீளமென்றால் வெட்டுவார். தோள் பிழைத்தால் அதனைத் திருத்துவது பெரும்பாடு. பிறகு உள்ளே தைத்திருக்கும் சிறு துண்டை வாசியுங்கள். பொலியெஸ்ரர் வியர்வையை உறிஞ்சாது. நாற்றத்தை விடவும் மாட்டாது. உணவகச் சமையலறையில் நிற்கும் எம் சகோதரர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. எண்ணெய் வாடை ஏறும் வேலை உடுப்பை வீட்டு அலுமாரிக்குள் நுழையவே விடாது, தனிப் பையில் வைத்தால் மற்றவை பிழைக்கும்.

இனிச் சேலைக்கு வருவோம். எம்மவர் பணம் கரைவது குளிரங்கியில் அன்று, இங்கேதான்.

பூப்புனித நீராட்டு விழா, திருமணம், ஐம்பதாவது பிறந்தநாள், அரங்கேற்றம் என்று வருடத்தில் பதினைந்து அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் வீடியோ உண்டு. இப்போது கைத்தொலைபேசியும் உண்டு. ஒரு வீடியோவில் வந்த சேலை அடுத்த வீடியோவில் வரக்கூடாது என்பது எங்கும் எழுதப்படாத சட்டம். அச்சட்டத்தை இயற்றியவர் யாரென்று தேடினால் ஒருவரும் அகப்படார்; எல்லோரும் மற்றவருக்கு அஞ்சியே நடக்கின்றனர். முந்நூறு யூரோ கொடுத்து லாச்சப்பலில் வாங்கிய பட்டு ஒருமுறை உடுக்கப்பட்டுச் சூட்கேசுக்குள் போனால், அந்த ஒரு மாலையின் விலை முந்நூறு யூரோ. 2025இல் பிரான்சில் குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை செய்தவரின் கைக்கு மணித்தியாலத்துக்குப் பத்து யூரோவும் முழுமையாக வரவில்லை. முப்பது மணித்தியாலத்துக்கு மேல் கோப்பை கழுவிய உழைப்பு நான்கு மணித்தியாலத்தில் உடுத்துக் களையப்படுகிறது. அதே வீட்டில் நூற்றெண்பது யூரோ விலையுள்ள கம்பளிக் குளிரங்கி 'விலை கூடிப்போச்சு' என்று கடையிலேயே விடப்படுகிறது. ஐந்து குளிர்காலம், காலத்துக்கு நூறு நாள் என்று கணக்கிட்டால், அதன் ஒருநாட் செலவு முப்பத்தாறு சதம். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் சீட்டுக் காசும் இந்தக் கணக்கிலேயே முட்டிக்கொள்கின்றன. வீட்டில் சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது.

அதற்காகப் பட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. உண்மையான காஞ்சிபுரப் பட்டில் நான்கோ ஐந்தோ வைத்திருந்து, அவற்றையே தலை நிமிர்த்தி மீண்டும் மீண்டும் உடுக்கலாம் என்கிறோம். இரவிக்கையை மாற்றினால் சேலை வேறொன்றாகத் தோன்றும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பொலித்தீன் பை வேண்டாம். நாலைந்து மாதத்துக்கொரு தடவை எடுத்து வேறு மடிப்பில் மடிக்க வேண்டும். ஒரே மடிப்பிற் கிடந்தால் சரிகை அந்த இடத்தில் முறியும். பூச்சி உருண்டை சரிகையில் நேரே படக்கூடாது. ஊரில் அயல்வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை இரவல் வாங்கி உடுத்தோம். அக்காவின் சேலையைத் தங்கை உடுத்தாள். இங்கே வந்த பின்னரே அது வெட்கமாகிப் போயிற்று.

வெட்கம் என்றதும் பிள்ளைகளின் நினைவு வருகிறது. இலித்துவேனியாவில் 2008இல் தோன்றிய 'வின்ரெட்' வழியாக மற்றவர் உடுத்த உடுப்பை வாங்கி, அதைப் பெருமையுடன் அணிந்து செல்கிறாள் மகள். "ஆரோ உடுத்ததை நீ ஏன் உடுக்கிறாய், நாங்கள் என்ன பிச்சைக்காரரோ?" என்று தாய் அழுத வீடொன்றை அறிவோம். மகளுக்குப் புரியவில்லை. தொண்டு நிறுவனக் குவியலில் கையை விட்ட அந்தக் காலையைத் தாய் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. அன்றிரவு சொன்னார். மகள் அந்தக் குளிரங்கி இப்போதும் இருக்கிறதா என்று கேட்டாளாம்.

இன்னொன்றையும் கூறாதிருக்க முடியவில்லை. ஐந்து யூரோவுக்கு விற்கும் சேட்டை யாரோ ஒருவர் தைக்கிறார். 2013 ஏப்ரல் 24ஆம் திகதி பங்களாதேசில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் தையற் பெண்கள். போருக்குப் பின் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. எம் உறவுகளின் பிள்ளைகள் அங்கே இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். மலிவு என்று அள்ளும்போது அந்தக் கைகளும் நினைவில் நிற்கட்டும்.

பழுதானதைத் தைத்து உடுக்க விரும்புவோருக்கு ஒரு செய்தி. பிரான்சில் உடுப்பும் சப்பாத்தும் திருத்துவதற்கான உதவிக் கழிவு 2023 நவம்பரில் தொடங்கப்பட்டது. திருத்தத்தின் தன்மைக்கேற்ப 6 முதல் 25 யூரோ வரை கழிவு தருவதாக அது அறிமுகமாயிற்று. திட்டத்திற் பதிவுசெய்த கடைகளில் மாத்திரமே அது கிடைக்கும் என்பதால், உடுப்பைக் கொடுக்குமுன் தையற்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முற்றாக வேண்டாதவற்றைக் குப்பையில் இடாது துணிப் பெட்டிகளில் இடலாம். துணிக்கழிவைப் புறம்பாகச் சேகரிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நடைமுறைக்கு வந்தது.

நாட்டளவில் நடக்கும் சோல்ட் விற்பனை ஆண்டுக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் நான்கு வாரம். குளிர்காலத்து சோல்ட் ஜனவரியில் வரும். கடைக்குள் நுழையுமுன் வீட்டு அலுமாரியைக் கட்டிலிற் கொட்டி, இல்லாதது எது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் ஒரு நல்ல குளிரங்கியும் ஒரு சோடி சப்பாத்துமாகவே அது இருக்கும். அம்மா வழியனுப்பிய நாளில் நீங்கள் போட்டிருந்த சேட்டு ஒன்று அடியிற் கிடக்கிறதல்லவா, கழுத்து நைந்து, பொத்தான் இல்லாமல்? அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம். மடித்து, கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.