உங்களுக்குத் தெரியுமா? முடி மெலிந்தவர்களுக்கு எந்தப் பொமேட்?

★ மெல்லிய முடி வேறு, அடர்த்தி குறைந்த முடி வேறு. சீப்பில் வந்த ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். விரலில் நெருடினால் தடித்த முடி. எதுவுமே தட்டுப்படவில்லை என்றால் மெல்லிய முடி. மனித முடியின் விட்டம் ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டரில் தொடங்கி 0.1 வரை போகும். அடர்த்தி என்பது தலையில் எத்தனை முடி இருக்கிறது என்ற கணக்கு. சராசரியாக ஒரு லட்சம். முடி மெல்லியது, ஆனால் நிறைய இருக்கிறது என்பவருக்குக் கனமில்லாத பொமேட் வேண்டும். முடி தடித்ததுதான், ஆனால் நடுநடுவே இடைவெளி விழுந்துவிட்டது என்பவருக்குப் பளபளப்பில்லாத பொமேட் வேண்டும். ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கையில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். மயிர்க்கால் ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போய், முன்பைவிட மெல்லிய முடியையே முளைக்க விடுகிறது. இவர்களுக்குக் கனமும் ஆகாது, பளபளப்பும் ஆகாது.

★ குளித்துவிட்டு வந்து கண்ணாடியில் பார்க்கும்போது மண்டை பளிச்சென்று தெரிந்து பலருக்கும் பகீர் என்கிறது. அந்த நிமிடத்தில் முடி எதுவும் குறைந்துவிடவில்லை. ஈரத்தில் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றை கற்றையாகச் சேர்கின்றன. கற்றைகளுக்கு நடுவே தோல் தெரிகிறது. எண்ணெயும் ஜெல்லும் பளபளக்கும் பொமேட்டும் இதே வேலையை நாள் முழுக்கச் செய்கின்றன. எண்ணெய்ப்பசை ஏறிய உச்சந்தலையும் வெளிச்சத்தில் மின்னும். டப்பாவில் ‘வெட் லுக்’, ‘ஹை ஷைன்’ என்று இருந்தால் மெலிந்த முடிக்காரர் அதைத் திருப்பி வைத்துவிடலாம். ‘மேட்’ என்று இருந்தால் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

★ பிரிட்டனில் 1795-ல் தலைமுடிப் பவுடருக்கு வரி வந்தது. பிரதமர் வில்லியம் பிட் காலம். பவுடர் போடுகிறவர் ஆண்டுக்கு ஒரு கினி கட்ட வேண்டும். அன்றைய வழக்கம் இதுதான்: விலங்குக் கொழுப்பில் வாசனை சேர்த்துச் செய்த பொமேட்டை முதலில் தடவுவார்கள், அதன்மேல் மாவுப் பவுடரைத் தூவுவார்கள். கொழுப்பு பவுடரைப் பிடித்து வைக்கும், பவுடர் முடிக்குப் பருமன் காட்டும். வரி வந்த பிறகு அந்தப் பழக்கம் வேகமாக மங்கியது.

இன்றைக்கு சலூன்களில் ‘வால்யூம் பவுடர்’, ‘டெக்ஸ்சர் பவுடர்’ என்ற பெயரில் சின்னக் குப்பியில் விற்பதும் பருமனுக்காகத்தான். மாவுக்குப் பதில் இதில் பெரும்பாலும் சிலிக்கா இருக்கிறது. முடிக்கும் முடிக்கும் இடையே உராய்வைக் கூட்டி, ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடாமல் நிறுத்துகிறது. உச்சி ரொம்பவே மெலிந்தவர்களுக்குப் பொமேட்டைவிட இதைத்தான் நான் முதலில் சொல்வேன். வேரில் இரண்டு சிட்டிகை தூவி, விரலால் கோதிவிட்டால் போதும். ஆனால் பவுடர் போட்ட தலையில் சீப்பு ஓடாது. வம்படியாக இழுத்தால் இருக்கிற முடியும் கையோடு வரும். இரவே அலசிவிட வேண்டும்.

★ ‘கிளே பொமேட்’ என்று விற்பதில் உண்மையிலேயே களிமண் இருக்கிறது. கயோலின், பென்டோனைட் இரண்டும்தான் அதிகம் சேர்க்கப்படுபவை. இவை எண்ணெய்ப்பசையை உறிஞ்சிக்கொள்வதால் மினுமினுப்பு அடங்கி, முடி கொஞ்சம் தடித்ததுபோல் நிற்கும். மெலிந்த முடிக்கு இது நல்ல தேர்வு, ஒரு நிபந்தனையோடு. சில கிளே பொமேட்களில் மெழுகு அதிகம். டப்பாவுக்குள் நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு கெட்டியானதைத் தலையில் பரப்பும்போது மெல்லிய முடியை இழுத்து அறுக்கும். விரல் நுனி பட்டதும் இறங்குகிற, கிரீம் பதத்தில் உள்ள மேட் பேஸ்ட்டைத் தேடுங்கள்.

★ டப்பாவின் முன்பக்கத்தில் எழுதியிருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் சரக்கு. முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ‘அக்வா’ அல்லது ‘வாட்டர்’ முதலில் வந்தால் அநேகமாக நீரில் கரைந்துபோகும் வகை. ‘பெட்ரோலாட்டம்’ அல்லது ‘மினரல் ஆயில்’ முதலில் வந்தால் எண்ணெய் வகை. மெல்லிய முடியை மண்டையோடு படிய வைத்துவிடும். தேன்மெழுகும் லனோலினும் பட்டியலில் மேலே இருந்தால் பிடிப்பு உண்டு, கனமும் உண்டு.

இன்னொரு விதியும் தெரிந்திருப்பது நல்லது. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு வாரியாக இறங்கு வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழேயும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். பயோட்டின், காஃபின், மூலிகைச் சாறு என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பவை பின்பக்கப் பட்டியலின் வாலில் நின்றால், அவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

★ முடி கொட்டுகிறவர்களின் கவலையை விற்பனையாக்குவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த மூலிகை மருத்துவர் நிக்கலஸ் கல்பெப்பர், கரடிக் கொழுப்பு முடி உதிர்வை நிறுத்தும் என்று எழுதி வைத்தார். கரடிக்கு உடம்பெல்லாம் ரோமம் என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் கரடிக் கொழுப்புப் பொமேட் விற்றது.

★ ராபர்ட் செஸ்ப்ரோ என்ற அமெரிக்க வேதியியலாளர் வாஸ்லினுக்குக் காப்புரிமை பெற்றது 1872-ல். பின்னாளில் கெட்டிப் பொமேட்களுக்கு அந்தப் பெட்ரோலியக் களிம்பே அடித்தளமானது. 1928-ல் பர்மிங்காமில் பிறந்த பிரில்கிரீம் வேறு வழியில் போனது: தண்ணீரும் எண்ணெயும் தேன்மெழுகும் கலந்த குழம்பு அது. கொஞ்சம் தொட்டுக்கொண்டால் போதும் என்பதையே அமெரிக்காவில் அதன் விளம்பர வாசகமாக்கினார்கள். அடர்ந்த முடிக்காரர்களுக்கே அந்த அறிவுரை என்றால் மெலிந்த முடிக்கு இன்னும் பொருந்தும். அந்தக் காலப் பாணியில் படிய வாரிய தலைக்கு இரண்டும் அழகுதான். இடைவெளி விழுந்த தலைக்கு இரண்டையும் நான் சொல்ல மாட்டேன்.

★ எண்ணெய் வகைப் பொமேட் தண்ணீரில் போகாது. ஒரு தடவை ஷாம்பு போட்டும் பிசுக்கு விடவில்லையே என்று நகத்தை வைத்துத் தேய்ப்பதில்தான் பலர் முடியை இழக்கிறார்கள். காய்ந்த தலையில் முதலில் கொஞ்சம் எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, ஐந்து நிமிடம் விட்டு, பிறகு ஷாம்பு போடுங்கள். எண்ணெயில் எண்ணெய் கரைந்து, அலுங்காமல் வந்துவிடும்.

★ ஜெல் காய்ந்ததும் முடியை விறைப்பாக்கும் பொருள்களில் ஒன்று பிவிபி. 1930-களில் ஜெர்மனியில் வேதியியலாளர் வால்டர் ரெப்பே உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் ரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாகப் பயன்பட்டு, 1950-களில் ஹேர் ஸ்பிரேக்கு வந்து சேர்ந்தது. காய்ந்த படலம் உடைந்தால் வெள்ளைச் செதிலாக உதிரும். அதைப் பொடுகு என்று எண்ணி, மருந்து ஷாம்பு வாங்குகிறவர்கள் உண்டு.

★ பொமேட் போட்டால் வழுக்கை விழுமா? விழாது. 1942-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன், ஆண் ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்தே வழுக்கையை உண்டாக்குகின்றன என்று காட்டினார். பருவமடையும் முன்பே விரைநீக்கம் செய்யப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழத் தொடங்கியது. மயிர்க்கால் தோலுக்குள் இருக்கிறது, பொமேட் வெளியே முடித்தண்டின்மேல் இருக்கிறது.

ஆனால் நெற்றியைக் கவனியுங்கள். எண்ணெய்ப் பொமேட்டை வருஷக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு நெற்றியிலும் பொட்டிலும் பொடிப்பொடியாகப் பருக்கள் வரும். ‘பொமேட் ஆக்னி’ என்று இதைத் தோல் மருத்துவர்கள் 1970-லேயே ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார்கள். முன்முடியின் ஓரத்திலிருந்து விரலகலம் தள்ளித் தடவுவது நல்லது.

★ பின்னந்தலையில் தொடங்குங்கள். கையில் எடுத்ததும் நேராக முன்நெற்றிக்குக் கொண்டுபோவதுதான் எல்லோருக்கும் பழக்கம். மெலிந்த தலைக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. முதலில் படும் இடத்தில்தான் சரக்கு அதிகம் இறங்கும், மெலிந்த முன்முடியோ அந்தக் கனத்தைத் தாங்காது. பட்டாணியில் பாதியளவு எடுங்கள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே, வெண்மை மறைந்து கை லேசாகச் சூடேறும்வரை தேய்த்துப் பரப்புங்கள். பின்னந்தலை, பக்கவாட்டு, பிறகு உச்சியின் பின்பாதி. கையில் ஒன்றுமே மிச்சமில்லை என்று தோன்றும்போதுதான் முன்முடிக்கு வர வேண்டும். அங்கேயும் உள்ளங்கையால் அழுத்தாமல், விரல் நுனியால் முடியைத் தூக்கித் தூக்கி விட வேண்டும். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். கூடிவிட்டால் தலையை அலசுவதைத் தவிர வழியில்லை.

★ முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் தளரும், உலரும்போது அப்போதுள்ள வடிவத்திலேயே மறுபடி இறுகும். அதனால் பொமேட்டுக்கு முன்பே பாதி வேலை நடக்கிறது. வாருகிற திசைக்கு எதிராக முடியைத் தூக்கிப் பிடித்து, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி உலர்த்தினால் வேர் எழுந்து நிற்கும். அதன்மேல் போடுகிற பொமேட் கொஞ்சமாக இருந்தாலே போதும்.

சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதமே இந்தப் பிணைப்புகளைத் தளர்த்திவிடும். காலை பத்து மணிக்குள் தலை படிந்துபோகிறதே என்று அங்குள்ளவர்கள் குறைப்படுவது இதனால்தான். பட்டியலில் கிளிசரின் மேலே இருந்தால் அது காற்றின் ஈரத்தையும் இழுத்துப் பிசுபிசுக்கும். புழுக்கமான ஊருக்குக் களிமண் வகையே தோது.

★ மினாக்ஸிடில் முதலில் உயர் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி அதிகம் முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. மருத்துவர் சொல்லி அதைப் போடுகிறவர்கள் வரிசையை மாற்றக்கூடாது. உலர்ந்த தலைத்தோலில் மருந்து முதலில், அது நன்றாகக் காய்ந்த பிறகே பொமேட்.

★ தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் இந்திய ஆய்வாளர்கள் ரெலேயும் மோஹிலேயும் வெளியிட்டார்கள். மினரல் ஆயிலுக்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தக் குணம் இல்லை என்பதும் அதே ஆய்வில் வந்தது. நம் வீட்டு வழக்கத்தை விட வேண்டியதில்லை. இரவில் தடவிக் காலையில் அலசிவிட்டுப் பொமேட் போடுங்கள். எண்ணெய்த் தலையின்மேல் எந்த மேட் பொமேட்டும் நிற்காது.

★ பக்கவாட்டை ஒட்ட வெட்டினால் உச்சி அடர்த்தியாகத் தெரியும். மேலே நீளம் ஏற ஏற முடி தன் கனத்திலேயே படுக்கும், பொமேட்டும் அதிகம் கேட்கும். சலூனில் உட்கார்ந்ததும் மெலிந்த இடத்தைக் கையால் காட்டிச் சொல்லிவிடுங்கள். நல்ல கைக்காரர் அதைக் கேட்டுத்தான் கத்தரியைத் தொடுவார்.

★ காசு அகலத்துக்கு வட்டமாக முடி போனால் அது பெரும்பாலும் புழுவெட்டு. அதைப் பொமேட் வைத்து மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். டெங்கு, டைபாய்டு மாதிரிக் கடும் காய்ச்சலுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டுவது இன்னொரு வகை. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்தில் அது தானாகவே அடங்கி முடி திரும்பி வரும். அதுவரை கெட்டிப் பொமேட், இறுக்கிக் கட்டும் ரப்பர் பேண்ட் இரண்டையும் தள்ளி வைத்து, நீரில் கரையும் லேசான கிரீமை முடியின் நடுவிலிருந்து நுனிவரை மட்டும் தடவிக்கொள்ளுங்கள்.