வயது ஏறியும் அடங்காத அவசரம்

வீட்டுக்குச் சாமான் வாங்கப் போன வாப்பா, தவணைக்கு ஒரு முச்சக்கர வண்டியைப் பேசி முடித்துவிட்டு வருகிறார். மூன்று மாதத்தில் அதையே நட்டத்துக்கு விற்கிறார். "அவருடைய குணமே அப்படித்தான்" என்று வீட்டார் சலித்துக்கொள்வார்கள். எல்லோரிடத்திலும் அது வெறும் குணம்தானா?

ஏ.டி.எச்.டி. எனப்படும் அவதானக் குறைபாட்டைப் பிள்ளைகளின் கோளாறாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற வைத்தியர் 1902இல் விரிவுரை நிகழ்த்தியதும் பிள்ளைகளைப் பற்றித்தான். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கைந்நூலோ பெரியவர்களுக்கென அளவுகோலைத் திருத்தியது. பிள்ளைகளிடம் ஆறு அறிகுறிகள் தேவை. 17 வயது முதல் ஐந்து போதும். ஆனால் 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும்.

வயது ஏற ஏறக் குழப்படியும் ஓட்டமும் பெரும்பாலும் குறைந்துவிடும். பலரிடம் எஞ்சுவது மனத்தின் பரபரப்பும், எடுத்தேன் கவிழ்த்தேன் என்ற முடிவுகளும். நாளை வரும் பெரிய நன்மையைவிட இன்று கைக்கு எட்டும் சிறிய சந்தோஷமே இவர்களை அதிகம் இழுக்கும். சிறுவனின் அவசரத்தில் கண்ணாடிக் குவளை உடைந்தது. பெரியவரின் அவசரத்தில் தொழில் போகிறது, காணி போகிறது, யாருக்கோ பிணைக் கையொப்பம் விழுகிறது. ஓய்வு பெற்றதும் நேரசூசியின் கட்டுப்பாடு இல்லை. ஊழியர் சேமலாப நிதியோ மொத்தமாகக் கையில். ஆபத்தான காலம் அதுதான்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆயுள் முழுக்க நிதானமாக இருந்தவர் அறுபதுக்கு மேல் திடீரென இப்படி மாறினால் அது வேறு விஷயம். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயாக இருக்கலாம். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்ஸோல் போன்ற மருந்துகளும் சிலரைச் சூதாட்டத்திலும் கண்மூடித்தனமான செலவிலும் தள்ளுவதுண்டு. மருந்தை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள்.

ஏ.டி.எச்.டி.க்கு மெதில்பெனிடேட் போன்ற மருந்துகள் உண்டு. முதியவர்களுக்குக் கொடுக்குமுன் இரத்த அழுத்தத்தையும் இருதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் ஏச்சுப் பேச்சால் பலனில்லை. பெரிய தொகை எதற்கும் இரண்டு இரவு கழியாமல் கையொப்பமில்லை என்று அவரோடு பேசி, அவரது சம்மதத்துடனேயே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

வைத்தியர் சிறுவயதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார். அவருடைய மூத்த சகோதரி இருந்தால் கூட்டிச் செல்லுங்கள். பழைய தேர்ச்சி அறிக்கை பெட்டியில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.