மழைக்கு முன் ஓர் ஊசி

மழைக்காலம் வருமுன் கூரையைச் செப்பனிடுவதும் ஏரிக்கரையைப் பலப்படுத்துவதும் நம் குடியானவர்கள் தொன்றுதொட்டு அறிந்த வழக்கம். செங்கற்பட்டு வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அம்மாதங்களில் ஃபுளூ காய்ச்சலும் மிகுகிறது. அதற்கும் முன்னேற்பாடு வேண்டுமன்றோ?

ஃபுளூ வெறும் ஜலதோஷமன்று. வைரஸ் என்னும் நுண்கிருமியால் வரும் இந்நோய், இருமல், தும்மல் வழியே பரவுகிறது. 1957 மே மாதத்தில் கப்பல் வழியாகச் சென்னைத் துறைமுகத்தை அடைந்த ஃபுளூ, சில மாதங்களில் நாடெங்கும் பரவிற்று. பல நாட்டார் வந்து செல்லும் மாமல்லபுரத்தில் உள்ளோர் இதனை நினைவிற்கொள்ளுதல் நலம்.

திடகாத்திரமான உழவர் சில நாட்களில் எழுந்து நடமாடுவார். ஆனால் அவரிடமிருந்து தொற்றிய நோய், வீட்டிலுள்ள முதியவருக்கு நிமோனியாவாக முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இக்கிருமி அடிக்கடி தன் உருவை மாற்றிக்கொள்கிறது. ஆகையால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை ஆராய்ந்து, தடுப்பூசியில் எவ்வகைக் கிருமிகளைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. சென்ற ஆண்டு போட்ட ஊசி இவ்வாண்டுக்குப் போதாது என்பதன் காரணம் இதுவே. ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாகச் சுமார் 2 வாரங்கள் ஆகும். இவ்வூசி நோயை முற்றிலும் தடுத்துவிடும் என்பதற்கில்லை. எனினும் கடுமையைக் குறைக்கும்.

இதனை முக்கியமாகப் போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் யாவர்? கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தோர், 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய், சிறுநீரக நோய் உடையோர், நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதார ஊழியர்கள். கல்தூசியால் நுரையீரல் கெட்ட சிற்பத் தொழிலாளரும் இவர்களுள் அடங்குவர். முதன்முறை போடப்படும் சிறு குழந்தைகளுக்கு 4 வாரம் இடைவிட்டு இரண்டு ஊசிகள் தேவை. 6 மாதம் நிரம்பாத சிசுவுக்கு ஊசி இல்லை. தாய் கர்ப்ப காலத்தில் போட்டுக்கொண்டதே அதற்குக் காப்பு. முன்பு இவ்வூசியால் கடும் ஒவ்வாமை கண்டவர் போட்டுக்கொள்ளலாகாது. கடுங்காய்ச்சல் உள்ளவர் குணமானபின் போட்டுக்கொள்க.

இவ்வூசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்ததன்று. ஆதலின் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்குமென எண்ணியிராமல், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் விசாரித்தறிய வேண்டும். விலை கொடுத்து வாங்க இயலாத முதியவர்களே பெரும்பாலும் விடுபட்டுப்போவர். அவர்களை மறவாதிருப்பது பஞ்சாயத்தின் கடமை.

ஆகஸ்டு 15ஆம் நாள் கூடும் கிராம சபையிலேயே இதனை எடுத்துப் பேசலாம். 2021ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களை வீடுவீடாக அறிவர். கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளை அறிவார். இவர்களைக் கலந்து பட்டியல் ஒன்று தயாரித்து மருத்துவரிடம் அளித்தால், செப்டம்பர் முடிவதற்குள் வேலை நிறைவேறும். மழை தொடங்கியபின் கரையை அடைக்க ஓடுவதைவிட, முன்னரே மண் கொட்டி வைப்பது மேலன்றோ?