பட்டம் கிடைச்சாச்சு, இனித்தான் முதல் வருஷம்

ஏப்ரலில் கடைசிப் பிளேஸ்மென்ற் முடியும். ஜூனில் பட்டமளிப்பு. கறுப்பு அங்கி, பூச்செண்டு, அம்மம்மாவோடு ஒரு படம், பிறகு ஸ்காபரோவில் எங்கேயாவது ஒரு பெரிய மேசையில் சாப்பாடு. அந்த மேசையிலேயே ஒரு மாமா சொல்லிவிடுவார்: "இனி வீட்டில ஒரு நேர்ஸ் இருக்கு, எங்களுக்கு என்ன கவலை!" பிள்ளை சிரித்துச் சமாளிக்கும். ஏனென்றால் அன்றைக்குச் சட்டப்படி அவர் நேர்ஸ் இல்லை.

ஒன்ராறியோவில் 1991ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி "நேர்ஸ்" என்பது பாதுகாக்கப்பட்ட பெயர். ஒன்ராறியோ தாதியர் கல்லூரியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தப் பெயரைப் பாவிக்கலாம். (கல்லூரி என்றவுடன் "இன்னும் படிக்க வேணுமோ?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். அங்கே ஒருவரும் படிப்பதில்லை. அது தொழிலை ஒழுங்குபடுத்துகிற அமைப்பு, பெயர்தான் அப்படி.) 2005 ஜனவரிக்குப் பிறகு புதிதாக ஆர்.என். ஆகிறவருக்குப் பட்டப்படிப்பு கட்டாயம். ஆனால் பட்டம் மட்டும் காணாது. பதிவுச் சோதனை, தொழிற்சட்டம் பற்றிய தனிச் சோதனை, பொலிஸ் சான்று என்று ஒரு நீளமான வரிசை இருக்கிறது. இது எல்லாம் முடிந்த பிறகுதான் கல்லூரியின் பொதுப் பட்டியலில் பிள்ளையின் பெயர் வரும். அந்தப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அம்மம்மாவுக்குக் காட்டுவதற்குப் பட்டமளிப்புப் படத்தை விட அது நல்லது என்பது என் எண்ணம்.

நாங்கள் இங்கே படித்து வளர்ந்தவர்கள். ஓசாப் கடன், கோ-ஒப், ரெசுமே எல்லாம் எங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பா அம்மாவுக்கு இல்லாத வசதி அது. ஆனாலும் இந்த வேலையின் முதல் வருஷம் எங்களில் பலருக்கும் தெரியாத இடம். ஓபிஸ் வேலை தொடங்குகிற மாதிரி அது தொடங்குவதில்லை.

முதலில் சோதனை. பெயர் என்க்ளெக்ஸ். அமெரிக்காவில் தயாராகிற சோதனை இது. 2015இல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் பழைய கனடியச் சோதனையை விட்டுவிட்டு இதற்கு மாறின. மாறிய முதல் வருஷம் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவர்கள் கிட்டத்தட்ட 10 பேரில் 7 பேர்தான். முந்தைய சோதனையோடு பார்த்தால் அது பெரிய விழுக்காடு, அதனால் பெரிய சர்ச்சையும் வந்தது. இப்போது பல்கலைக்கழகங்கள் பழகிவிட்டன. ஆனால் வீட்டில் இன்னும் பழகாத ஒரு விஷயம் இருக்கிறது: இந்தச் சோதனைக்கு மார்க் கிடையாது. பாஸ் அல்லது பெயில், அவ்வளவுதான். "எத்தனை எடுத்தனீ?" என்று கேட்பதற்கு அங்கே பதிலே இல்லை.

கொம்பியூட்டர் ஒவ்வொரு பதிலையும் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டு போகும். 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில் ஆகக் குறைந்தது 85 கேள்வி, ஆகக் கூடியது 150, நேரம் 5 மணித்தியாலம். பிள்ளையின் திறமை எல்லைக்கு மேலேயா கீழேயா என்று 95 வீதம் நிச்சயமானால் திரை நின்றுவிடும். 85இல் நின்றால் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். பிள்ளை வெளிறின முகத்தோடு வீட்டுக்கு வந்து "85ல நிண்டிட்டுது" என்று சொன்னால், அதற்கு நீங்கள் சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை, தேத்தண்ணி போட்டுக் கொடுப்பதைத் தவிர. பெயில் என்றாலும் 45 நாள் கழித்துத் திரும்ப எழுதலாம். எந்தப் பகுதியில் பலவீனம் என்று ஒரு அறிக்கையும் வரும். இதைச் சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இங்கே பல குடும்பங்களில் பிள்ளையைச் சோதனையை விட அதிகம் நோகப்பண்ணுவது, அது பெயிலான செய்தி தொலைபேசியில் ஓடுகிற வேகம்தான்.

பதிவு வருவதற்கு முன்பே வேலை தொடங்கவும் ஒரு வழி உண்டு. தற்காலிகப் பதிவு என்று கல்லூரி ஒன்று கொடுக்கும். வேலை கையில் இருக்க வேண்டும், வேலையிடத்தில் பதிவுபெற்ற தாதி ஒருவரின் கண்காணிப்பு இருக்க வேண்டும். இதைவிட, புதிதாய் முடித்தவர்களுக்கு முழுநேர வேலையும் நீண்ட பயிற்சியும் கொடுக்கிற ஆஸ்பத்திரிகளுக்கு மாகாண அரசு பணம் கொடுக்கிற திட்டம் ஒன்று 2007இல் தொடங்கியது. வேலை விண்ணப்பிக்கும்போது பிள்ளை கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் அல்ல. யூனியன் இருக்கிற ஆஸ்பத்திரிகளில் சம்பளப் படி எழுதி வைக்கப்பட்டிருக்கும், பேரம் பேச ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியது இதுதான்: "எத்தனை கிழமை இன்னொரு நேர்ஸோடு சேர்ந்து வேலை செய்ய விடுவீர்கள்?" நாலு கிழமை என்கிற இடமும் உண்டு, பன்னிரண்டு கிழமை என்கிற இடமும் உண்டு. வீட்டிலிருந்து பத்து நிமிஷம் என்பதற்காக முதலாவதை எடுத்து, ஆறு மாதத்தில் அழுதுகொண்டு விடுவதை விட, ஒரு மணித்தியாலம் தள்ளியிருக்கிற இரண்டாவது மேல்.

சரி, அப்படி என்னதான் மாறுகிறது? கடைசி வருஷத்தில் பிள்ளை ஊசி போட்டிருக்கிறார், மருந்து கொடுத்திருக்கிறார், காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறார். கைவேலை கிட்டத்தட்ட அதேதான். மாறுவது வேறு. மாணவியாக இருந்தபோது ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்தால் போதும். இப்போது மற்றவர்கள் இவருடைய முகத்தைப் பார்க்கிறார்கள். இரவு 3 மணி. நாலோ ஐந்தோ நோயாளிகள். ஒருவருக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, முதல் பதினைந்து நிமிஷம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அதே நேரம் மற்ற அறையில் வயதான ஒருவர் கட்டிலால் இறங்கப் பார்க்கிறார். மூன்றாமவருக்குப் பிரஷர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பயப்பட வேண்டிய அளவு இல்லை, ஆனால் மாலையில் இருந்ததை விடக் குறைவு. டொக்டரை எழுப்புவதா? எழுப்பினால் "இதுக்கோ எழுப்பினனீர்?" என்ற குரல் வருமோ? எழுப்பாமல் விட்டு, விடிய ஆள் மோசமாகினால்?

இந்தக் கடைசிக் கேள்விதான் முதல் வருஷத்தின் முழுப் பாரமும். சோதனையில் இது நாலு விடையில் ஒன்று. வார்ட்டில் இது ஒரு மனிதர். நல்ல வார்ட்டில் ஒரு மூத்த நேர்ஸ் "எழுப்பு, நான் பக்கத்தில நிக்கிறன்" என்று சொல்லுவார். அப்படி ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் பலருடைய முதல் வருஷம் தங்கியிருக்கிறது. ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்று ஒன்ராறியோவில் சட்ட எல்லை இல்லை. கலிபோர்னியாவில் 2004இலிருந்து இருக்கிறது. அங்கே சாதாரண மருத்துவ வார்ட்டில் ஒரு நேர்ஸுக்கு இப்போது ஆகக் கூடியது 5 பேர்.

இந்த அதிர்ச்சி புதிதும் அல்ல, உங்கள் பிள்ளைக்கு மட்டும் வருவதும் அல்ல. 1974இலேயே மார்லீன் கிரேமர் என்ற அமெரிக்கத் தாதியர் ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். படிப்பித்ததற்கும் வார்ட்டில் நடப்பதற்கும் இடையில் புதியவர்கள் விழுகிற பள்ளத்தைப் பற்றியது அது. கனடாவில் ஜூடி போய்ச்சக் டக்ஷர் என்ற ஆய்வாளர் புதிய தாதியரின் முதல் 12 மாதங்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். அவர் சொல்வது சுருக்கமாக: முதல் மூன்று நாலு மாதம் வேலையைச் செய்து முடிப்பதே போராட்டம். அடுத்த நாலைந்து மாதம் "நான் ஏன் இதுக்கு வந்தனான்" என்ற கேள்வி. அதன் பிறகுதான் மெல்ல மெல்ல ஒரு தெளிவு. பற்றிசியா பெனர் 1984இல் எழுதினது இன்னும் நிம்மதி தரும். ஒரே மாதிரி வார்ட்டில் இரண்டு மூன்று வருஷம் நின்ற பிறகுதான் ஒருவர் தேர்ச்சியான நிலைக்கு வருகிறார் என்கிறார் அவர். ஆக, ஆறாம் மாதத்தில் தடுமாறுவது இயல்பு.

வீட்டில் இதை எப்படிப் பார்ப்பீர்கள்? வேலை முடிந்து காரிலேயே அரை மணித்தியாலம் இருக்கிற பிள்ளை. சாப்பிடாமல் படுக்கிற பிள்ளை. லீவு நாளில் வார்ட்டுக்குப் போன் பண்ணி "அந்த மருந்தை நான் எழுதி வைச்சனானோ?" என்று கேட்கிற பிள்ளை. இது முதல் மாதங்களில் பெரும்பாலும் கடந்து போகும். போகாமல் நித்திரையே இல்லாமல், வேலைக்குப் போகிற நாளெல்லாம் சத்தி வருகிற அளவுக்குப் போனால், அது "பழகிடும்" என்று விடுகிற விஷயம் இல்லை. குடும்ப டொக்டர் இருக்கிறார். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் ஊழியருக்கான இரகசிய ஆலோசனைச் சேவையும் உண்டு.

இரவு வேலை பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வளர்ந்த எங்களில் பலருக்கு, "அப்பா நைற் ஷிப்ட் முடிஞ்சு படுக்கிறார், சத்தம் போடாதேங்கோ" என்பது சின்ன வயதுப் பாட்டு மாதிரி. பக்டரியில் 8 மணித்தியாலம் என்றால் இங்கே 12. இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு சில நாள் லீவு என்பது பல ஆஸ்பத்திரிகளில் வழமை. அப்பாவுக்குச் செய்த மரியாதையை மகளுக்கும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். தடித்த திரை, அணைத்து வைத்த போன், பகல் 11 மணிக்கு மிக்ஸி போடாத ஒரு வீடு. சனிக்கிழமை சாமத்தியவீட்டுக்கு வரவில்லை என்றால் "நைற் டியூட்டி" என்று நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். 12 மணித்தியாலம் நின்ற பிறகு விடிய 401இல் ஓட்டி வருவது உண்மையில் ஆபத்து. முதல் சில மாதமாவது யாராவது கூட்டிக்கொண்டு வர முடிந்தால் நல்லது.

இன்னொன்று தமிழ். ஸ்காபரோ ஆஸ்பத்திரிகளில் வயதான தமிழர் இல்லாத வார்ட் குறைவு. பெயரட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டவுடன் "பிள்ளை தமிழோ?" என்று கையைப் பிடித்துவிடுவார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளின் தமிழ் சாப்பாட்டு மேசைத் தமிழ். உடம்புத் தமிழ் அவர்களுக்கு வராது, ஏனென்றால் நாங்களே அதைப் பாவிப்பதில்லை. "நெஞ்சு அடைக்குது" வேறு, "நெஞ்சு எரியுது" வேறு. "உளையுது", "குத்துது", "விறைக்குது" மூன்றும் மூன்று வருத்தம். "ஓங்காளம்", "தலைச்சுத்து", "சலம் கடுக்குது", "வயித்தால போகுது", "முட்டு", "வலிப்பு" என்று ஒரு அகராதியே இருக்கிறது. அது அம்மம்மாவிடம் இருக்கிறது. ஒரு பின்னேரம் அம்மம்மாவையும் பேத்தியையும் இருத்தி இதைக் கதைக்க விடுங்கள். இரண்டு பேருக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவது, கடுமையான நோயைச் சொல்வது போன்றவற்றுக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வார்ட்டில் தமிழ் தெரிந்த புதிய நேர்ஸை இதற்கு இழுப்பார்கள். "அதுக்கு இன்ரர்பிரற்றரைக் கூப்பிடுங்கோ" என்று சொல்ல அவர் பழக வேண்டும்.

அதோடு சேர்ந்தது, இதை விடப் பெரியது: அந்தரங்கம். "பெரியப்பா உங்கட ஆஸ்பத்திரியில அட்மிற் ஆம், என்ன ரிசல்ற் எண்டு ஒருக்கா பாரும் பிள்ளை." இதைக் கேட்பவர் பாசத்தில்தான் கேட்பார். ஆனால் தன் பராமரிப்பில் இல்லாத ஒருவரின் பதிவை நேர்ஸ் திறந்தால், யார் எப்போது பார்த்தார் என்று கொம்பியூட்டர் குறித்து வைக்கும். 2004ஆம் ஆண்டின் ஒன்ராறியோ சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இதற்குத் தண்டப்பணம் 200,000 டொலர் வரை போகலாம், சிறையும் உண்டு. முன்னாள் மேயர் றொப் ஃபோர்ட் சிகிச்சையில் இருந்தபோது அவருடைய பதிவைத் திறந்து பார்த்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு 2016இல் நீதிமன்றம் தண்டம் விதித்தது. ஆர்வத்தில் பார்த்தது என்றாலும் சட்டம் ஒன்றுதான். வேலையும் போகலாம், பதிவும் போகலாம். பெரியப்பாவிடம் "அவளிட்டைக் கேட்காதேங்கோ, அவளுக்கு ஏலாது" என்று சொல்ல வேண்டியது நீங்கள், பிள்ளை அல்ல. 22 வயதில் பெரியப்பாவுக்கு "மாட்டன்" என்று சொல்லுவது எங்கள் வீடுகளில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

சம்பளம், அரசியல் பற்றியும் பிள்ளை வீட்டில் கதைக்கும். 2019இல் வந்த 124ஆம் இலக்கச் சட்டம் பொதுத்துறை ஊழியரின் சம்பள உயர்வை மூன்று வருஷத்துக்கு, வருஷம் 1 வீதத்துக்குள் அடக்கியது. கொவிட் காலம் முழுக்கத் தாதியர் அதற்குள்தான் வேலை செய்தார்கள். 2022 நவம்பரில் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டிலும் அரசு தோற்றது. புதிதாய்ச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் நிற்கிற மூத்தவர் ஏன் இவ்வளவு கசப்பாகக் கதைக்கிறார் என்பதற்கு ஒரு காரணம் இது. அனுபவசாலிகள் விட்டுப் போன வார்ட்டில், ஒரு வருஷ அனுபவம் உள்ளவரே புதியவருக்குப் பழக்குகிற நிலையும் வரும்.

முதல் வார்ட் ஒத்துவரவில்லை என்றால் மாறலாம். கிட்டத்தட்ட ஒரு வருஷம் முடிந்த பிறகு தீவிர சிகிச்சை, பிரசவ வார்ட், டயலிசிஸ், வீட்டுப் பராமரிப்பு, ரொறன்ரோ பொதுச் சுகாதாரம் என்று கதவுகள் திறக்கும். நகர்வதைத் தோல்வியாக வார்ட்டில் யாரும் பார்ப்பதில்லை. மாறுகிற பேச்சு வந்தால் "ஏன், அங்க என்ன பிரச்சினை?" என்று தொடங்காமல், எந்த வார்ட், எத்தனை கிழமைப் பயிற்சி, பகலா இரவா என்று கேளுங்கள்.